ஹெகாய்

ஆன்சானில், கடைக்குள் கடையாக என் மேசை.
இடப்பக்கம் சிம் கார்டு விற்பவன்,
வலப்பக்கம் தாஷ்கண்ட் ரொட்டி அடுப்பு.
ரஷ்யனிலிருந்து கொரியனுக்கு
ஒரு பக்கம் இருபதாயிரம் வான்.
கல்யாணச் சான்றுக்கும் சாவுச் சான்றுக்கும்
ஒரே விலைதான்.

ராடியோன் ஹெகாய் வந்தது பிப்ரவரியில்.
இரவு ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தான்,
விரலிடுக்கில் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது.
கூடவே மகள் எவலீனா,
பள்ளி முடித்ததற்குக் கொடுத்த பூங்கொத்தோடு,
ஒரு காதில் மட்டும் இயர்போன்.
"ஜூன் பதினொன்றில் இவளுக்குப் பத்தொன்பது"
என்றான், வாடகைக் கெடுவைச் சொல்வது போல.

சட்டத்துக்கு அப்போது மூன்று வரைதான் எண்ணத் தெரியும்.
நதியைக் கடந்தவன் ஒன்று.
அவன் பிள்ளை இரண்டு.
ராடியோன் மூன்று, ஆகவே வெளிநாட்டுக் கொரியன்.
எவலீனா நான்கு,
ஆகவே உஸ்பெகிஸ்தான் குடிமகள், பெண்,
தங்கும் தகுதி: உடனிருப்பவர்,
வயது வரும்வரை.

கதை கேளுங்கள்.
தூமென் ஆற்றுக்கு அப்பால்
பெயர் என்ன என்று கேட்ட ரஷ்ய எழுத்தனிடம்
"ஹொ-கா" என்றான் முதல்வன்:
ஹொ வீட்டுக்காரன்.
எழுத்தன் வீட்டையும் சேர்த்துப் பேரேட்டில் ஏற்றிவிட்டான்.
அன்றிலிருந்து ஹெகாய்.
வாசற்படியோடு பெயர்த்தெடுத்த பெயர்.

கொரியனில் ஹொகா என்றால்
அனுமதி என்றும் பொருள்.
குடிவரவு அலுவலகத்தில் எந்தப் படிவத்தை எடுத்தாலும்
தலைப்பில் தடித்த எழுத்தில் அதுதான்:
காலநீட்டிப்பு ஹொகா, தகுதிமாற்ற ஹொகா.
"எங்கள் குடும்பத்துக்கென்றே அச்சடித்திருக்கிறார்கள்"
என்று எவலீனாதான் சொல்லிச் சிரித்தாள்.
வகுப்பில் அவள் பட்டப்பெயர்
அனுமதியில்லாத அனுமதியாம்.

ஆவணக் காப்பகக் கடிதம் ஒன்றரைப் பக்கம்.
மேற்படியார் மேற்படிப் பெண்ணின் பூட்டன் எனச்
சான்றளிக்கப்படுகிறது.
பூட்டன்.
ரஷ்யனில் பாட்டனுக்கு முன்னால்
'ப்ரா' என்று ஒரு முனகல், அவ்வளவுதான்.
தட்டச்சில் அது விழாமல் போவது உண்டு.
பூட்டன் பாட்டனாக
ஓர் உயிர் இடம் மாறினால் போதும்.

என் விரல் நின்றதை ராடியோன் பார்த்துவிட்டான்.
"பிழை யாருக்கும் வரும்" என்றான்,
கூரையைப் பார்த்தபடி.
அடுப்பிலிருந்து ரொட்டியைப் பெயர்க்கும் சத்தம் கேட்டது.
என் முத்திரையில் எண் இருக்கிறது,
அந்த எண்ணுக்குப் பின்னால்
எனக்கும் ஒரு தங்கும் அட்டை இருக்கிறது.
பூட்டன் என்றே அடித்தேன்.

எவலீனா படித்துப் பார்த்தாள்.
அவள் கொரியன் என்னுடையதைவிடச் சுத்தம்.
"அக்கா, இங்கே இடைவெளி விட வேண்டும்,"
பென்சிலால் ஒரு சின்ன வளைவு போட்டாள்.
சரியாகத்தான் சொன்னாள்.
திருத்தி மறுபடி அச்செடுத்தேன்,
அதற்குக் காசு வாங்கவில்லை.
பூங்கொத்தை மேசையிலேயே மறந்துவிட்டுப் போனார்கள்.
மறந்தார்களோ என்னவோ.

ஜூனில் போனாள்.

மறுவருடம் கோடையில் ஆணை மாறியது.
எண்ணுவதை விட்டுவிட்டார்கள்:
நான்கோ, ஐந்தோ, எத்தனையாவதோ,
எல்லோரும் வரலாம்.
ரொட்டிக்காரன் அன்று கூடுதலாக எள் தூவினான்.
ராடியோனுக்குப் போன் செய்தேன்.
இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்தினான்:
அவள் போலந்தில் இருக்கிறாள்,
மின்கலத் தொழிற்சாலை, ஆமாம், கொரியக் கம்பெனிதான்,
மேலாளர்களுக்கு மொழிபெயர்க்கிறாள்.
வருவாளா?
ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.
பிறகு, சற்றுத் தணிந்து:
அங்கே அவளைக் கொரியக்காரி என்கிறார்களாம்.

பக்கத்துக்கு எவ்வளவு வாங்குகிறாள் என்று கேட்டேன்.
வேறென்ன கேட்பது.

பழைய அச்சு இழுப்பறையில் கிடக்கிறது,
பூட்டனுக்கு முன்னால் அவள் போட்ட வளைவோடு.
ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே
அவ்வளவு இடம் போதும் என்று.